பதினாலாம் பெயருக்குப் புள்ளடி

வாக்குக் கேட்கும் தொழிலில் மழையும் குளிரும் முகத்தில் அடித்துச் சாத்தப்படும் கதவுகளும் பெரிய கஷ்டங்களே அல்ல. கேட்ட வாக்கு கிடைத்துவிடுவதுதான் கஷ்டம்.

கோயில் நிர்வாகம், தமிழ்ப் பாடசாலை, பழைய மாணவர் சங்கம் என்று ஏதோ ஒன்றில், "சும்மா பேருக்கு இருங்கோ" என்று பிடித்து இழுத்துக் கதிரையில் இருத்தப்பட்டவர்கள் யாராவது இதை வாசித்தால், நீங்கள் என்னுடைய ஆட்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்லுகிறேன். என்னை இருத்திய கதிரை கொஞ்சம் பெரியது. ஒஸ்லோ நகரம் பதினைந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் பதினைந்து பேர் கொண்ட ஒரு சபை. இரண்டாயிரத்து ஏழில் அந்தச் சபைக்கான ஆட்களைச் சனங்களே நேரடியாகத் தெரிவுசெய்தார்கள். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த நான் அந்தத் தேர்தலில் நின்றேன், வென்றும்விட்டேன். நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

பட்டியலை நிரப்ப ஒரு பெயர்

பெரித் என்னுடைய பஸ்ஸில் ஒவ்வொரு நாளும் ஏறுகிற நோர்வேக்காரப் பெண். ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை. என்னைவிட இரண்டொரு வயது கூட இருக்கலாம். எட்டு வருடமாகப் பகுதிச் சபையில் இருந்தவர். எங்கள் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் ஒரு குழந்தைகள் கிளினிக் இருந்தது. பிள்ளைக்கு நிறை பார்ப்பது, தடுப்பூசி போடுவது, பால் குடிக்காத பிள்ளையோடு தாய் போய் அழுவது எல்லாம் அங்கேதான். சபை நிர்வாகம் அதை மூடிவிட்டு, மலைக்குக் கீழே உள்ள பெரிய கிளினிக்கோடு சேர்க்க இரண்டு தடவை முயன்றது. இரண்டு தடவையும் குறுக்கே நின்று மறித்தவர் பெரித்.

ஒருநாள் கடைசித் தரிப்பிடத்தில் நான் பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, இறங்கிப் போனவர் திரும்பி வந்தார். அவருடைய கட்சிக்குப் பட்டியலில் இன்னும் இரண்டு பெயர் வேண்டுமாம். ஆட்கள் கிடைக்கவில்லையாம். பதினாலாம் இடத்தில் என்னைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். கட்சிக்கு வழக்கமாக ஐந்து இடம் கிடைக்கும், அந்த ஐந்தாவது ஆள் தான்தான் என்றும் சொன்னார். எனக்கு அரசியல் தெரியாது, என்னுடைய நோர்வே மொழியும் பஸ்ஸுக்குள் மட்டும் ஓடுகிற மொழி என்று நான் இழுத்தேன். பெரித் சிரித்துக்கொண்டு சொன்னார்: "பயப்படாதே, நீ தெரிவாகவே மாட்டாய்."

வீட்டை வந்து சொல்லாட்டி

எங்கள் சனத்தைப் பற்றிப் பெரித்துக்குத் தெரியாத ஒன்று இருந்தது. இங்கே வாக்குச் சீட்டில் கட்சிப் பட்டியலுக்குப் பக்கத்தில், பிடித்த ஆளின் பெயருக்கு நேரே புள்ளடி, அதாவது ஒரு பெருக்கல் குறி, போடலாம். கூடுதலாகப் புள்ளடி வாங்கியவர் மேலே போய்விடுவார். நோர்வேக்காரரில் அனேகம் பேர் பெயர்களைத் தொடுவதில்லை, கட்சியைப் பார்த்துச் சீட்டை மடித்துப் போட்டுவிடுவார்கள். எனக்கும் அது முதலில் தெரியாது. தெரிந்தவுடன் புத்தி வேறு பக்கம் போய்விட்டது. பதினாலாம் இடத்தில் சும்மா கிடந்த பெயர், ஒரு முப்பது நாற்பது புள்ளடியாவது வாங்கி மானத்தோடு தோற்கவேண்டும் என்று ஆசைப்பட்டது.

தெரிந்தவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது அழைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். செல்வம் அண்ணை என் மனைவிக்குத் தூரத்துச் சொந்தம். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "மகளின்ரை சாமத்திய வீட்டுக்கு மட்டும் குடும்பமா வந்து சொன்னனீங்கள், இதுக்குப் போனிலையோ?" என்றார். என் மகள் பெரியபிள்ளையான சடங்கைச் சொல்கிறார். அன்று பின்னேரமே மனைவியையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகத் தொடங்கினேன். போய், இருந்து, தேத்தண்ணி குடித்து, ரோல்ஸ் சாப்பிட்டு, எழும்பும்போது வாசலில் வைத்து, "கட்டாயம் வரவேணும்" என்று சொல்லவேண்டும். சொன்னால் முறை முடிந்தது. அதற்குப் பிறகு வராமல் விட்டால் அது அவர்களுக்குத்தான் குறை.

ஒருநாள் பெரித்தும் எங்களோடு வந்தார். அவர் கையில் கிளினிக்கைப் பற்றிய துண்டுப்பிரசுரம் முப்பது இருந்தது. ஒரு மணித்தியாலத்தில் முப்பது கதவு தட்டலாம் என்பது அவருடைய கணக்கு. மூன்று வீட்டோடு இருட்டிவிட்டது. மூன்று வீட்டிலும் அவருக்கு வயிறு முட்டச் சாப்பாடு, பிள்ளைகளின் ஆல்பம், கடைசி வீட்டில் ஒரு போத்தல் ஊறுகாய். அந்த மூன்று வீட்டாரும் எங்களிடம் கேட்டது எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளிக்கூடம் என்பவை மட்டும்தான். துண்டுப்பிரசுரங்களில் இருபத்தொன்பது திரும்பிவிட்டன, ஒன்றின்மேல் யாரோ தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டார்கள். சுரங்க ரயில் நிலையத்துக்கு நடந்து போகும்போது ஊறுகாய்ப் போத்தலை அணைத்துக்கொண்டு பெரித் கேட்டார்: "சபைக்குப் போய் நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே?"

ஒராள் வந்தாக் காணும்

தேர்தல் நாளில் வேட்பாளர் வாக்குச்சாவடிக்குள் நின்று ஆட்களை வரவேற்கக்கூடாது. சட்டம் அப்படி. அதனால் நான் என் வாக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பிறகு சொன்னார்கள், பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் சில பெண்கள் காஞ்சிபுரம் சேலையோடு வந்து நின்றார்களாம். வாக்குப் போட்ட பிறகும் போகாமல், வாங்குப் பலகையில் உட்கார்ந்து என்னைத் தேடினார்களாம். கூப்பிட்டவன் வாசலில் நிற்கவில்லை என்று இரண்டு குடும்பத்துக்கு இன்றைக்கும் என்மேல் மனத்தாங்கல்.

பின்னேரம் செல்வம் அண்ணை வீட்டுக்கே வந்துவிட்டார். கோட்டும் சூட்டும் போட்டிருந்தார். சீட்டை எப்படி மடித்தார், முத்திரை குத்திய பெட்டை எப்படிச் சிரித்தாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இருபது வயது தாண்டிவிட்டது, மூன்று பேருக்கும் வாக்கு அட்டை வந்திருந்தது. அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவையேன்? வீட்டிலையிருந்து ஒராள் வந்தாக் காணும்தானே!"

ஐந்தாவது ஆள்

அப்படி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் வந்ததே போதுமாயிருந்தது. கட்சிக்கு வழக்கம்போல் ஐந்து இடம். புள்ளடிகளை எண்ணி முடித்தபோது பதினாலாம் பெயர் முதலாவதாக வந்து நின்றது. மற்ற எல்லாரும் ஒவ்வொரு படி கீழே இறங்கினார்கள். ஐந்தாவதாக இருந்த பெரித் ஆறாவதானார்.

கட்சிக் கூட்டத்தில் எல்லாரும் கை தந்தார்கள். சிலருடைய கை குளிர்ந்திருந்தது. அங்கேயே எழும்பி, எனக்கு இது வேண்டாம், பெரித் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கவேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் அதற்கு முதல் நாளே எங்கள் சனம் ஒரு மண்டபத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டது. "எங்கடை பிள்ளையொண்டு உள்ளுக்குப் போயிட்டுது" என்று கைதட்டினார்கள். அந்தப் பொன்னாடையை நான் கழற்ற விரும்பவில்லை. உண்மை அதுதான், மழுப்பிச் சொல்ல எனக்கு இப்போது மனமில்லை. பெரித் தன்னுடைய கோப்புகள் இருந்த பையை எனக்குத் தூக்கித் தந்துவிட்டுச் சொன்னார்: "நான்தான் இனி முதல் பதிலாள். உனக்கு வரமுடியாத நாளில் ஒரு சொல்லுச் சொன்னால் போதும், நான் வந்து இருப்பேன். வாசித்து விளங்காத இடம் இருந்தால் எந்த நேரமும் கூப்பிடு."

வியாழக்கிழமைத் தபால்

கூட்டத்துக்கு முந்திய வாரம், வியாழக்கிழமைகளில் ஒரு தடித்த கடித உறை வரும். நூற்றைம்பது பக்கம் இருக்கும். முதல் பக்கத்தை வாசிப்பேன். திகதி, நேரம், இடம் எல்லாம் நன்றாக விளங்கும். இரண்டாம் பக்கத்தில் என் நோர்வே மொழி கடைசித் தரிப்பிடத்துக்கு வந்துவிடும். பெரித்தைக் கூப்பிடலாம். ஆனால் அவருடைய இடத்தைப் பறித்துக்கொண்டு, அந்த இடத்தில் இருந்து செய்கிற வேலையையும் அவரிடமே எப்படிக் கேட்பது? ஒவ்வொரு வியாழனும் தொலைபேசியை எடுப்பேன், வைப்பேன். பஸ்ஸிலும் அவர் ஏறும்போது கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரித் திரும்பிக்கொள்வேன்.

கூட்டத்தில் தப்ப ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் கட்சிக் குழுத்தலைவர் எனக்கு முன்வரிசையில் இருப்பார். அவருடைய கை மேலே போனால் என் கையும் மேலே போகும். அவருடைய கை கீழே இருந்தால் என் கையும் கீழே இருக்கும். ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. கூட்டம் முடிந்து வந்தால் மனைவி மரியாதையோடு சோறு போடுவாள், பிள்ளைகளுக்குச் சத்தம் போடவேண்டாம் என்பாள். திறக்காத உறைகள் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஏறிக்கொண்டே போயின. ஒருநாள் அதைத் துடைக்கப் போன மனைவி, உறைகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "இஞ்சேருங்கோ, இதுகளுக்குப் பதில் எழுதவேணுமோ, இல்லாட்டி இப்பிடியே வைச்சிருக்கிறதுதானோ?"

எதிர்ப்பவர்கள் கையை உயர்த்துக

அந்த நாள் எனக்குத் தடிமன். காலை ஐந்து மணி வேலை வேறு. வரமுடியாது என்று ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் பெரித் வந்திருப்பார். மூக்கைச் சிந்திக்கொண்டு நானே போனேன். ஒரு கூட்டத்துக்கும் போகாமல் விட்டதில்லை என்பது, சனத்துக்கு நான் சொல்லிக்கொண்டிருந்த ஒரே பெருமை.

மண்டபத்தைத் திருத்துகிறார்கள் என்று கூட்டத்தை ஒரு வகுப்பறைக்கு மாற்றியிருந்தார்கள். கதிரைகள் மாறிவிட்டன. குழுத்தலைவர் எனக்குப் பின்னால் போய்விட்டார். நிகழ்ச்சி நிரலில் 'சேவைகளின் இட ஒழுங்கமைப்பு' என்று ஒரு விடயம் வந்தது. அலுவலகத்தில் மேசை கதிரை மாற்றுகிற கதை என்று நினைத்தேன். எல்லாரும் நீளமாகப் பேசினார்கள். எனக்குக் காது அடைத்திருந்தது, கண் சொருகியது. கடைசியில் சபைத் தலைவர், "முன்மொழிவை எதிர்ப்பவர்கள் கையை உயர்த்துக" என்றார். திரும்பிப் பார்க்க வெட்கமாக இருந்தது. முன்னால் இருந்தவர்களைப் பார்த்தேன். ஒருவரும் கையைத் தூக்கவில்லை. அவர்கள் எல்லாரும் மற்றக் கட்சிக்காரர் என்பது எனக்கு உறைக்கவில்லை. என் கை மடியிலேயே இருந்தது.

எதிர்த்தவர்கள் ஏழு. எதிர்க்காதவர்கள் எட்டு. எனக்குப் பின்னால் யாரோ கதிரையைப் பின்னுக்குத் தள்ளுகிற சத்தம் கேட்டது. பேசுவதற்காக வந்து சுவரோரம் இருந்த கிளினிக் தாதி முகத்தைப் பொத்திக்கொண்டு எழும்பி வெளியே போனார். அவரைக் கண்ட பிறகுதான் எனக்கு எந்த மேசை, எந்தக் கதிரை என்று விளங்கியது. எங்கள் கிளினிக்கை மூடுகிற முன்மொழிவு அது. குறிப்பில் சேர்க்க ஏதாவது உண்டா என்று தலைவர் வழக்கம்போல் கேட்டார். கேட்டுவிட்டுப் பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, தாளைத் திருப்பினார். அந்த அவகாசம் எனக்குக் காணும். எனக்கு விளங்கவில்லை, திரும்ப எண்ணுங்கள் என்று சொல்ல நாலு சொற்கள் போதும். பதினைந்து பேருக்கு முன்னால் அந்த நாலு சொற்களைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

கோப்பி இடைவேளையில் குழுத்தலைவர் வெளுத்த முகத்தோடு வந்து, என்ன நடந்தது என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நன்றாக யோசித்தேன், நிர்வாகம் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றேன். வாசிக்கவில்லை என்று சொல்வதைவிடத் துரோகி ஆவது எனக்குச் சுலபமாக இருந்தது. அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அதைக் கூட்டத்துக்கு முதலே எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்."

மரியாதை

அடுத்த நாள் பெரித் கூப்பிட்டார். மூன்று தடவை மணி அடிக்கவிட்டேன். திட்டுவார், நானும் உண்மையைக் கொட்டிவிடலாம் என்று நினைத்தே எடுத்தேன். அவர் திட்டவில்லை. தாதியோடு கதைத்ததாகச் சொன்னார். கோடைக்குப் பிறகு மூடுவார்களாம். இரவு நித்திரை கொள்ளவில்லைப் போல, குரல் கரகரத்தது. சொல்லடா, இப்போது சொல்லடா என்று எனக்குள்ளே ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திவிட்டார்: "உன்னுடைய முடிவு பிழை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீ எல்லாவற்றையும் வாசித்து, யோசித்து எடுத்த முடிவு என்று கேள்விப்பட்டேன், அதை நான் மதிக்கிறேன். வாசிக்காமல் கை உயர்த்துகிற ஆட்களைத்தான் எனக்குப் பிடிக்காது."

மூன்றாவது வண்டில்

மலைக்குக் கீழே உள்ள பெரிய கிளினிக்குக்குப் போகும் பஸ் என்னுடைய பஸ்தான். கிளினிக் மூடிய அந்தக் குளிர்காலத்தில் செவ்வாயும் வியாழனும் தரிப்பிடங்களில் குழந்தைகளின் தள்ளுவண்டில்கள் வரிசையாக நிற்கும். பஸ்ஸின் நடுவில் இரண்டு வண்டிலுக்குத்தான் இடம். மூன்றாவதை ஏற்றக்கூடாது. ஏற்றினால் அவசரத்துக்கு ஒருவரும் இறங்க முடியாது. அடுத்த பஸ்ஸுக்கு இருபது நிமிடம்.

ஒரு வியாழக்கிழமை, பனி கொட்டுகிறது. ஏற்கெனவே இரண்டு வண்டில் ஏறிவிட்டன. தரிப்பிடத்தில் இன்னொரு தாய், எங்கள் தமிழ்ப் பிள்ளை, இருபத்தைந்து வயது இருக்கும், வண்டிலுக்கு மேலே தன்னுடைய சால்வையையும் போர்த்திவிட்டு நின்றாள். அவளை எனக்குத் தெரியாது. நான் முன் கதவைத் திறந்து, இடமில்லையம்மா, அடுத்த பஸ்ஸிலே வாங்கோ என்றேன். கிளினிக்கிலே எத்தனை மணிக்கு நேரம் தந்தவை என்றும் கேட்டேன். இன்னும் பத்து நிமிடத்தில் என்றாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயோ, அண்ணை நீங்களோ! அம்மா உங்களுக்குத்தானே புள்ளடி போட்டவ. கிளினிக்குக்காக நீங்கள் எவ்வளவு பாடுபட்டிருப்பியள். நீங்கள் உள்ளுக்கு இருந்தபடியால்தான் இவ்வளவு நாளாவது மூடாமல் வைச்சிருந்தவங்கள் எண்டு அம்மா சொல்லுறவ. நான் நிக்கிறன், நீங்கள் போங்கோ, உங்களுக்கு நேரம் போகுது. அடுத்தமுறை நானும் வந்து போடுவன், வீட்டை வந்து சொல்லவும் தேவையில்லை, உங்களுக்குத்தான்."

நான்கு வருடம் மக்கள் பிரதிநிதியாக இருந்து எங்கள் பகுதித் தாய்மாருக்கு நான் செய்த ஒரே சேவை, மூன்று பேரில் இரண்டு பேரைத் தூரத்துக் கிளினிக்குக்கு நேரம் தவறாமல் கொண்டுபோய் இறக்கியதுதான்.